உன் அயலான் எத்தனை மீட்டர் தூரத்தில்?



இந்த மாதம் ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கும்படி ஆவியானவர் என்னைப் பாரப்படுத்தினார். கேள்வி சின்னதுதான். ஆனால் முழங்காலில் நின்று யோசித்தால் அது நம்மை விடாது.

நம் ஜெபவீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடை வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சபை உபவாசம் இருந்து ஜெபிக்கிறது, மூப்பர்கள் மனு எழுதுகிறார்கள், அதிகாரி வந்து அளந்து பார்க்கிறார். கடை வரவில்லை. அல்லேலூயா! ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து, சாப்பாடும் போடுகிறோம். அடுத்த மாதம் அதே கடை இருநூறு மீட்டர் தள்ளி, ஒரு தையல் கடைக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவில் திறக்கப்படுகிறது. இப்போது சொல்லுங்கள் பார்ப்போம்: நம் ஜெபம் கேட்கப்பட்டதா? அல்லது நம் வாசல் குப்பையைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் தள்ளிவிட்டோமா?

சட்டம் யாரைப் பார்க்கிறது?

தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது ஜனங்கள் சொல்லுகிற டாஸ்மாக், 1983-ல் தொடங்கப்பட்டது. 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. அந்த 2003-ம் ஆண்டு விதிகளில் தூரக் கணக்கு ஒன்று உண்டு. மாநகராட்சி, நகராட்சிகளில் வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் 50 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. நம் செய்யூரைப் போன்ற மற்ற ஊர்களில் 100 மீட்டர். வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று திட்டக் குழுமம் குறித்த இடங்களில் இந்தத் தூரமும் பொருந்தாது.

கவனித்தீர்களா? சட்டம் கோவிலைப் பார்க்கிறது, சர்ச்சைப் பார்க்கிறது, மசூதியைப் பார்க்கிறது, பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறது. நல்லது, அதற்காக தேவனுக்கு ஸ்தோத்திரம். ஆனால் தையல் மெஷினை நம்பிப் பிழைக்கிற சகோதரியை அது பார்க்கவில்லை. கடன் வாங்கி ஃபேன்சி ஸ்டோர் வைத்த வாலிபனைப் பார்க்கவில்லை. "வணிகப் பகுதி" என்று எழுதினவுடனே அங்கே வணிகம் பண்ணுகிறவனுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் போகிறது. வியாபாரிக்கு வியாபாரி தொந்தரவாக மாட்டான் என்று நினைத்தார்களோ என்னவோ!

பக்கத்துக் கடைக்காரனுக்கு என்ன நடக்கிறது?

எந்தக் கடைத்தெருவிலும் இதைப் பார்க்கலாம். 2016 மே முதல் பகல் 12 மணிக்கு மதுக்கடை திறந்தால் இரவு 10 மணிக்கு மூடுவது என்று நேரம் வைத்தார்கள். பதினொன்றரைக்கே ஆட்கள் வந்து நிற்கிறார்கள். பைக்குகள் பக்கத்துக் கடை வாசலை மறிக்கின்றன. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் ஒரு தடவை தயங்குவார்கள், அடுத்த தடவை வேறு தெருவுக்குப் போய்விடுவார்கள். "அந்தப் பக்கம் போகாதம்மா" என்று தாய் சொன்ன பிறகு, டியூஷன் சென்டருக்கு எந்தப் பிள்ளை வரும்? மருந்துக் கடைக்கு இரவு எட்டு மணிக்கு எந்தச் சகோதரி வருவாள்? காலையில் ஷட்டர் தூக்கும்போது உடைந்த பாட்டிலையும் மூத்திர நாற்றத்தையும் கழுவிவிட்டுத்தான் போணி பண்ண வேண்டும். கடைசியில் அவன் ஆறு மணிக்கே பூட்டிவிட்டுப் போகிறான். யாரும் அவனை அடிக்கவில்லை, விரட்டவில்லை. ஆனாலும் அவன் பிழைப்பு போயிற்று.

சிலருக்கு அதே இடத்தில் வியாபாரம் ஏறுவதையும் மறைக்கக்கூடாது. சுண்டல், ஆம்லெட், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர் விற்கிறவர்களுக்கு நல்ல ஓட்டம். அதைக் காட்டி, "பாருங்க, கடை வந்ததால தெரு முன்னேறுது" என்று சொல்லுகிறவர்களும் உண்டு.

இன்னொரு கடைக்காரனும் இருக்கிறான். அவன் கடை அங்கே இல்லவே இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி, வேறு தெருவில் இருக்கிறது. அவன் மளிகைக்காரன். கொத்தனார் வேலைக்கும், சவுக்கு வெட்டவும், உப்பளத்துக்கும் போகிறவர்கள் அவன் நோட்டில் கணக்கு வைத்துச் சாமான் வாங்குகிறார்கள். சனிக்கிழமை கூலி கை மாறுகிறது, வழியிலேயே கரைகிறது. நோட்டில் பாக்கி அப்படியே நிற்கிறது. அவனுடைய நஷ்டத்தை எந்த அளவுநாடாவில் அளப்பது? தீமை மீட்டர் கணக்குப் பார்த்து நடக்கிறதில்லை, பிரியமானவர்களே.

அளவுநாடாவின் கதை

2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பைக் கொடுத்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது; 2017 ஏப்ரல் 1 முதல் அமல். இருபதாயிரத்துக்குக் குறைவான ஜனத்தொகை உள்ள இடங்களுக்குப் பிறகு அதை 220 மீட்டராகக் குறைத்தார்கள். சாலையில் சாகிற உயிர்களை எண்ணிக் கொடுத்த நல்ல தீர்ப்பு அது. நம் மாநிலத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. ஜி.எஸ்.டி. ரோட்டிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஓடுகிற வண்டிகளை அறிந்த நமக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் நடந்தது என்ன? மூடின கடைகளுக்கு மாற்று இடம் தேடினார்கள். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே, ஊருக்குள்ளே, வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் நடுவே. உடனே தமிழ்நாடு முழுவதும் பெண்கள் ரோட்டில் இறங்கினார்கள். 2017 ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படிப் போராடின ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. ஒரு இடத்திலிருந்து விரட்டப்பட்டது இன்னொரு இடத்தில் போய் நின்றது. அந்த இன்னொரு இடத்திலும் மனிதர்கள்தானே இருக்கிறார்கள்?

கேரளத்தில் வடக்கு பரவூரில் ஒரு பார்க்காரர்கள் செய்தது இதைவிட வேடிக்கை. கடை இருந்த இடத்தை மாற்றாமலே, தங்கள் வளாகத்துக்குள் வளைந்து வளைந்து போகிற ஒரு நடைபாதையைக் கட்டினார்கள். குடிக்கப் போகிறவன் சுற்றிச் சுற்றி நடந்தால் 500 மீட்டர் ஆகிவிடும்! எழுத்து நிறைவேறிற்று, கருத்து செத்துப்போயிற்று. வாசித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு, நியாயப்பிரமாணத்தை இப்படித்தானே பரிசேயர் கைக்கொண்டார்கள் என்று நினைத்தபோது பயமும் வந்தது.

வேதம் அளப்பது எதற்காக?

வேதத்திலும் ஒரு அளவுநாடா இருக்கிறது. உபாகமம் 21-ம் அதிகாரத்தின் தொடக்கத்தை எடுத்து வாசியுங்கள். வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அப்போது மூப்பரும் நியாயாதிபதிகளும் வந்து, பிணம் கிடக்கிற இடத்திலிருந்து சுற்றிலும் உள்ள ஊர்கள் எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். எதற்கு? "நாங்கள் தூரத்தில் இருக்கிறோம், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லவா? இல்லை! மிகக் கிட்டின ஊர் எது என்று கண்டுபிடிக்க. அந்த ஊரின் மூப்பர்கள் முன்வந்து, அந்த இரத்தத்துக்காகத் தேவசமூகத்தில் நின்று, தங்கள் ஜனத்துக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். கொன்றது அவர்கள் அல்ல. ஆனாலும் கிட்ட இருந்தவர்கள் அவர்கள்தான்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். நாம் அளப்பது பொறுப்பிலிருந்து தப்பிக்க. தேவன் அளக்கச் சொன்னது பொறுப்பை ஏற்க. அளவுநாடா ஒன்றுதான், அதைப் பிடிக்கிற மனசு வேறே.

அயலான் நஷ்டத்தைப் பற்றி மோசேயின் பிரமாணம் எவ்வளவு நுணுக்கமாய்ப் பேசுகிறது, பாருங்கள். குழி வெட்டி மூடாமல் விட்டவன், அதில் அயலானுடைய மாடு விழுந்தால் ஈடு கட்ட வேண்டும் (யாத்திராகமம் 21:33, 34). ஒருவன் மூட்டின தீ முள்ளில் பற்றி அடுத்தவன் கதிர்ப்போரை எரித்தால், மூட்டினவன்தான் கொடுக்க வேண்டும் (யாத்திராகமம் 22:6). வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் (உபாகமம் 22:8). என் நிலத்தில் குழி, என் வயலில் தீ, என் வீட்டு மாடி என்று பேசி அங்கே தப்ப முடியாது. என் உரிமை என் வேலியோடு முடிந்தாலும், என் பொறுப்பு வேலியைத் தாண்டிப் போகிறது.

இந்தப் பிரமாணத்தை நம் கடைத்தெருவுக்குக் கொண்டுவாருங்கள். 2024-25-ம் ஆண்டில் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருமானம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில் திட்டங்கள் நடக்கின்றன என்பார்கள், நடக்கட்டும். ஆனால் ஆறு மணிக்கே பூட்டிவிட்டுப் போன அந்தத் தையல்காரிக்கு யார் ஈடு கட்டினது? தீ மூட்டினவன் கணக்கில் வரவு மட்டும் இருக்கிறது. கதிர்ப்போர் எரிந்தவன் கணக்கை யாரும் எழுதுவதேயில்லை.

சில மறுப்புகள்

"பாஸ்டர், இது சட்டப்படி நடக்கிற வியாபாரம்தானே?" என்று கேட்பார்கள். சட்டப்படிதான். ஆனால் 1 கொரிந்தியர் 10:23, 24-ல் அப்போஸ்தலனாகிய பவுல் வைக்கிற அளவுகோல் என்ன? அனுமதி இருக்கிறதா என்பதோடு அவர் நிறுத்தவில்லை. பிரயோஜனமா, கட்டி எழுப்புமா, மற்றவனுக்கு நன்மையா என்று கேட்கிறார். அனுமதி என்பது வாசற்படி. அதைத் தாண்டின பிறகுதான் அன்பின் கேள்விகள் ஆரம்பமாகின்றன.

"மூடிட்டா கள்ளச்சாராயம் வரும்ங்க" என்பார்கள். இந்தப் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2023 மே மாதத்தை நாம் மறக்க முடியுமா? மரக்காணம் பக்கத்திலும், நமக்கு அடுத்த சித்தாமூர் பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அப்போது அரசுக் கடைகள் திறந்துதான் இருந்தன. கடை திறந்திருப்பது விஷத்தைத் தடுக்கவில்லை.

"அது மருந்தாச்சே" என்கிற மறுப்பும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1996-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு, வியாதியஸ்தருக்குக் கஞ்சாவை மருந்தாகக் கொடுக்க அனுமதித்தார்கள். பிறகு அதற்கென்று தனிக் கடைகளே வந்தன. அங்கேயும் பக்கத்துக் கடைக்காரர்கள் வாடை, வண்டி நெரிசல், வாசலில் கூட்டம் என்று முறையிட்டார்கள். அங்கேயும் ஒரு அளவுநாடா வந்தது: பள்ளிக்கூடத்திலிருந்து 600 அடி! தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. மூன்று வருஷத்தில், 2025 ஜூனில், இனி மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்பவும் கட்டுப்படுத்தினார்கள். நம் தேசத்திலோ 1985-ம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவைத் தடுக்கிறது. மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் மாத்திரம் அனுமதியோடு இடம் வைக்கிறது. நம் அரசியல் சாசனத்தின் 47-வது பிரிவும் மதுவிலக்கைப் பற்றிப் பேசும்போது மருந்துத் தேவையை விலக்கி வைத்தே பேசுகிறது.

மருந்தை நான் எதிர்க்கவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்காகப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் சொன்னதை நாம் அறிவோம் (1 தீமோத்தேயு 5:23). வேதனையில் கிடக்கிறவனுக்கு வேதனையைத் தணிப்பது இரக்கம். ஆனால் உள்ளே விற்கிறது நல்ல மருந்தாகவே இருந்தாலும், வெளியே பக்கத்துக் கடைக்காரன் படுகிற நஷ்டம் நஷ்டம்தான். உள்ளே இருக்கிற நன்மையைக் காட்டி வெளியே இருக்கிற தீமைக்குப் பதில் சொல்ல முடியாது. மருந்துக்கே இந்தக் கணக்கு என்றால், மதுவுக்கு எவ்வளவு அதிகம்!

வாடகைப் பணம்

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். மதுக்கடை ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை. யாரோ ஒருவருடைய கட்டடத்தில், வாடகைக்குத்தான் வருகிறது. ரோட்டோரம் இடம் வைத்திருக்கிற ஒரு விசுவாசியிடமே வந்து கேட்டால்? வாடகை மாதம் தவறாமல் வரும். "நான் விற்கலை, குடிக்கலை, இடம் மட்டும்தானே கொடுக்கிறேன்?" என்று அவர் மனசு சொல்லும். அந்த வாடகையில் தசமபாகம் எடுத்துக் காணிக்கைப் பெட்டியில் போடவும் செய்வார்.

ஆபகூக் 2:15-ஐ அவர் வாசிக்க வேண்டும். அயலானுக்கு ஊற்றிக் கொடுத்து அவனை வெறிக்கச் செய்கிறவனுக்கு ஐயோ என்கிறது அந்த வசனம். ஊற்றுகிற கை வேறு, இடம் கொடுக்கிற கை வேறு என்று நாம் பிரிக்கலாம். தேவன் பிரிப்பாரா? உபாகமம் 23:18 ஒரு வகையான சம்பாத்தியத்தைத் தம் ஆலயத்துக்குள் கொண்டுவரவே கூடாது என்கிறது. காணிக்கையின் தொகையைப் பார்க்கிற சபை, அது வந்த வழியையும் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் கட்டட நிதி குறையும் என்று எனக்குத் தெரியும். குறையட்டும்! கெதரேனர் நாட்டில் ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் போனபோது, அந்த ஊரார் சுகமான மனுஷனைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை, நஷ்டத்தைப் பார்த்து இயேசுவையே ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள் (மாற்கு 5). எபேசுவில் தெமேத்திரியு என்கிற தட்டானுக்கும் வயிற்றுப் பிழைப்பே சத்தியத்தைவிடப் பெரிதாய்ப் போயிற்று (அப்போஸ்தலர் 19). நம் சபையின் பெயர் அந்த வரிசையில் வரக்கூடாது.

ஆனால் ஒன்று. வாசலில் சுண்டல் விற்கிற விதவைத் தாயாரையும் கட்டட முதலாளியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். தீ மூட்டினவன் வேறு, போக்கிடமில்லாமல் அந்தத் தீயில் குளிர்காய்கிறவள் வேறு. அவளைக் கண்டித்துப் பேசுகிறதற்கு முன்னே, வேறு இடத்தில் ஒரு தள்ளுவண்டி போட சபை உதவட்டும். கடைக்குள் நிற்கிற விற்பனையாளரும் நமக்கு அயலானே. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் சாப்பிடுகின்றன. தள்ளாடி வெளியே வருகிறவனும் அயலானே. அவனுக்காகத்தான் இயேசு மரித்தார்.

நாம் என்ன செய்யலாம்?

1. நம் ஜெபத்தின் வார்த்தையை மாற்றுவோம். "எங்கள் ஆலயத்துப் பக்கத்தில் வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், "யாருடைய வாசலிலும் வேண்டாம் ஆண்டவரே" என்று ஜெபிப்போம்.

2. மனு எழுதும்போது சபையின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். தையல் கடை, மருந்துக் கடை, மளிகைக் கடை என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டு, அவர்கள் கஷ்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். கோவில்காரரும் ஜமாத்தாரும் நம்மோடு நிற்கட்டும், நாமும் அவர்களோடு நிற்போம். திங்கட்கிழமை தோறும் செங்கல்பட்டில் கலெக்டர் ஆபீஸில் நடக்கிற குறைதீர்க்கும் நாளில் மனு வாங்குகிறார்கள்.

3. கிராம சபைக்குப் போங்கள். 2017 மே 1 அன்று பல ஊர்கள் கிராம சபையில்தான் மதுக்கடைக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. "அது அரசியல், நமக்கு எதுக்கு" என்று விசுவாசிகள் வீட்டிலேயே இருந்துவிட்டால், ஊர் மூப்பர் அளக்க வரும்போது நம் ஊரில் யார் போய் நிற்பது?

4. மதுக்கடைப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட கடைகளைக் கைவிடாதீர்கள். கூட்டமாய்ப் போய் அங்கேயே துணி தையுங்கள், அங்கேயே மருந்து வாங்குங்கள். பெண்கள் தனியாய்ப் போகத் தயங்கினால் நாலு பேராய்ப் போங்கள். இதுவும் ஊழியம்தான்.

5. கடை மூடப்பட்டால் ஸ்தோத்திரக் கூட்டம் வையுங்கள். ஆனால் அதற்கு முன், அது எங்கே போயிற்று என்று விசாரியுங்கள்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் ஒருவன் குற்றுயிராய்க் கிடந்தான். ஆசாரியனும் லேவியனும் அவனைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு விலகிப் போனார்கள் (லூக்கா 10). ஒரு சில அடி தூரம்தான் விலகியிருப்பார்கள். அந்தச் சில அடியே அவர்களைக் குற்றவாளிகளாக்கிற்று. நியாயசாஸ்திரி கேட்ட கேள்விக்குள் ஒரு அளவுநாடா இருந்தது: அயலான் என்பவன் எதுவரைக்கும்? இயேசு அந்த அளவுநாடாவை வாங்கி ஓரமாய் வைத்துவிட்டு, நீ யாருக்கு அயலானாய் இருந்தாய் என்று திருப்பிக் கேட்டார்.

2015 ஜூலை 31 அன்று கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் அருகே இருந்த மதுக்கடையை அகற்றச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர்விட்டார் காந்தியவாதி சசிபெருமாள். அந்த முறையை நான் சிபாரிசு செய்யவில்லை. உயிர் தேவனுடையது. ஆனால் அவர் சேலத்துக்காரர். சேலத்துக்காரருக்கு உண்ணாமலைக்கடை எத்தனை மீட்டர்? அந்த ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு அயலாராய்த் தெரிந்தார்கள். சபை மதிலுக்கு வெளியே இருந்த ஒருவருக்கு அது தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சமாரியன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நமக்குத் தெரிய வேண்டாமா?

எழுப்புதல் என்று ஜெபிக்கிறோம். எழுப்புதல் வந்தால் முதலில் அசையப்போவது ஆலயத்தின் கூரையல்ல. நமக்கும் அயலானுக்கும் நடுவே நாம் போட்டு வைத்திருக்கிற அந்தக் கோடுதான்.

ஜெபக்குறிப்புகள்: மதுவினால் தொழில் இழந்த சிறு வியாபாரிகளுக்காக. குடிக்கு அடிமையான சகோதரர்களின் விடுதலைக்காக. 2023-ல் நம் பகுதியில் விஷச் சாராயத்தில் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்காக. செய்யூர், கடப்பாக்கம், சூனாம்பேடு, பவுஞ்சூர் பகுதி ஊழியங்களுக்காக. அதிகாரத்தில் இருப்பவர்கள் வருமானத்தைவிட ஜனத்தை நேசிக்கும்படியாக.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் அயலாரையும் ஆசீர்வதிப்பாராக. மாரநாதா! ஆமென்.